இடது பக்கத்து நட்டு

"கைய எடு பரசுராமா! அது வலது பக்கத்து நட்டு. ஸ்பேனரக் கீழ வையி!"

"அண்ணி, ஊட்ல எழவு. நீ இன்னாடான்னா தெருவுல நின்னு காருக்குப் பஞ்சாயத்து பண்ணிக்கினுகீற. நாலு பேரு பாக்கறாங்க."

நாலு பேரா? எளாவூர் மேட்டுத்தெருவில் அன்று முப்பது பேராவது பார்த்தார்கள். துக்கம் விசாரிக்க வந்தவர்கள்தான். அழுகைக்கு முன்னால் ஒரு சண்டையும் கிடைத்தால் யார்தான் வேண்டாம் என்பார்கள்? எதிர்வீட்டுப் பச்சையம்மா உலையைக்கூட இறக்காமல் ஓடி வந்திருந்தாள்.

டாக்ஸிக்காரர் தணிகாசலம் மஞ்சள் காமாலையில் இருபது நாள் கிடந்து, அன்று விடியற்காலை திருவள்ளூர் ஆஸ்பத்திரியில் கண்ணை மூடினார். மகள் குணசுந்தரி அங்கே உடலோடு இருந்தாள். மாற்றுத் துணி எடுக்க முந்தின நாள் ஊருக்கு வந்த சம்பூர்ணத்துக்கு, புருஷன் செத்த சேதி அரிசி மில் போனில்தான் வந்தது. முப்பது மைல் போய், பொழுது சாய்வதற்குள் கொண்டுவந்து எடுத்தாக வேண்டும்.

எதில் கொண்டுவருவது? அவருடைய காரில்தான் என்றாள் சம்பூர்ணம். லாரியில்தான் என்றான் கொழுந்தன் பரசுராமன். 'பொணம் ஏறின வண்டியில தாலி ஏறாது' என்பது டாக்ஸி ஸ்டாண்டின் சாத்திரம். கல்யாண சவாரி கிடைக்காமல் போனால் வண்டியின் மதிப்பும் போச்சு. அண்ணன் மூச்சு விட்டுக்கொண்டிருந்தபோதே தடாவில் ஓர் ஆளுக்கு அந்தப் பழைய அமெரிக்கக் காரை விற்பதாக அவன் வாக்குக் கொடுத்திருந்தது தெருவுக்கே தெரியும். சம்பூர்ணத்துக்கு மட்டும் காலையில்தான் தெரிந்தது. பச்சையம்மாவின் வாய்க்குப் பூட்டு ஏது?

"பதினஞ்சு வருசம் ஊரையே சொமந்த மனுசன், நெல்லு மூட்டையாட்டம் லாரியிலயா வருவாரு? அவரு வண்டியிலதான் வருவாரு" என்று சம்பூர்ணம் சொல்லிவிட்டாள்.

வண்டி ஓட்ட ஸ்டாண்டு பாக்கியராஜ் ஒத்துக்கொண்டான். ஆனால் கிளம்புமுன் இடது முன்சக்கரத்தை ஆட்டிப் பார்த்தவன் அப்படியே குந்திவிட்டான். ஐந்து நட்டில் இரண்டு வேறு ஏதோ வண்டியுடையவை. சணல் சுற்றி ஏற்றியிருந்தது. கையால் பிடித்து இழுத்தான், வந்துவிட்டன.

"யாரு பண்ண வேலைக்கா இது? மூணு நட்டுல நான் எடுக்க மாட்டேன்."

தெரு முழுக்கப் பரசுராமனைத் திரும்பிப் பார்த்தது. அண்ணன் ஆஸ்பத்திரியில் கிடந்தபோது அவன் திருட்டுத்தனமாக சத்தியவேட்டுக்கு சவாரி அடித்ததும், வழியில் பஞ்சரானதும், நட்டைக் கழற்றத் தெரியாமல் பைப் போட்டுத் திருகி இரண்டின் உள்வரியான மரையையும் தேய்த்துத் தின்றதும் மெதுவாக வெளியே வந்தன.

"அதான் லாரி சொல்றேன்னேன்" என்று சொல்லிப் பார்த்தான். "சரி, வலது பக்கத்துல ரெண்டு எடுத்து இங்க போட்டா ஆச்சு. இது ஒரு பேஜாரா?" என்று ஸ்பேனரோடு அந்தப் பக்கம் போனான். அப்போதுதான் சம்பூர்ணம் கத்தியது.

அவன் கேட்கவில்லை. ஒன்றைக் கழற்றி வந்து வைத்துத் திருகினான். அது மரையில் பிடிக்காமல் சும்மா சுற்றியது.

"இந்த வண்டிக்கு இடது பக்கம் மரை எதிர்ல" என்றாள் அவள். "இடமா திருப்பினாதான் இறுகும். வலது பக்கத்து நட்டு ஜென்மத்துக்கும் ஏறாது."

"பொம்பளைக்கு இன்னா தெரியும் நட்டு போல்ட்டு?"

"உங்கண்ணன் வீலு மாத்தும்போதெல்லாம் நட்டு போட்டு வைக்கிற தட்டப் புடிச்சுக்கினு நின்னவ நான். நீ எங்கடா நின்ன?"

கூட்டத்தில் யாரோ சிரித்து, துக்கவீடு என்று நினைவு வந்து இருமினார்கள்.

பெரியம்மா முறையான லட்சுமியம்மாள் அவள் கையைப் பிடித்தாள். "புருசன் செத்த அன்னிக்கி தெருவுல குந்தி கிரீஸத் தொடுவியா? உள்ள வந்து உக்காருடி."

"உக்கார பதினாறு நாள் கீது பெரிம்மா. இப்ப முப்பது மைலு கீது."

புடவையை இழுத்துச் செருகிக்கொண்டு இடது பின்சக்கரத்தின் முன்னால் உட்கார்ந்தாள். ஐந்தில் ஒன்றை மட்டும் கழற்றினாள். முன்னால் நாலு, பின்னால் நாலு, போதும். மண்ணெண்ணெய்த் துணியால் மரையைத் துடைத்தாள். நட்டின் சரிவான பக்கம் முன்சக்கரத்தைப் பார்க்கிற மாதிரி வைத்து, வெறும் விரலால் இடப்பக்கமாகச் சுற்றினாள். மூன்று சுற்று, தன் வீட்டுக்குள் போகிற மாதிரி வழுக்கிக்கொண்டு போனது.

"விரலுக்கு ஏறினாதான் அது அதோட நட்டு. இப்ப இறுக்கு தம்பி. எதிரெதிரா இறுக்கு."

பாக்கியராஜ் இறுக்கினான். பரசுராமன் கழற்றிய வலது பக்கத்து நட்டையும் அதன் இடத்தில் அவளே போட்டாள். கொழுந்தன் பீடி வாங்கப் போனவன், சாயங்காலம் வரை பீடிதான் வாங்கினான்.

நாலு மணிக்குக் கார் திரும்பி வந்தது. ஸ்டியரிங்கைத் தவிர வேறெங்கும் உட்கார்ந்து பழகாத தணிகாசலம், தலையை மகள் மடியில் வைத்து, பின்சீட்டில் சவாரிக்காரரைப் போல வந்தார். முன்சீட்டில் சம்பூர்ணம். கண்ணில் ஒரு சொட்டு இல்லை. கல்நெஞ்சுக்காரி என்றார்கள். நானும்தான் சொன்னேன் என்று பச்சையம்மா பின்னால் ஒப்புக்கொண்டாள்.

பத்தாம் நாள் வளையலை உடைத்த கையோடு, அவள் நகத்தடியில் கருப்பாக இருந்ததைப் புளி போட்டுத் தேய்க்கப் போனார்கள். "இருக்கட்டும்" என்று கையை இழுத்துக்கொண்டாள்.

அந்த மாசமே பரசுராமன் பெண்டாட்டி ஊரான தடாவுக்குக் குடிபோனான், கார் போகவில்லை. அதை வாடகைக்கு ஓட்டிய பாக்கியராஜ், வைகாசியில் விக்டோரியா என்ற பெண்ணைக் கட்டிக்கொண்டு அதிலேயே சர்ச்சிலிருந்து வந்து இறங்கினான். எழுபத்தைந்தாம் வருஷம் தையில் குணசுந்தரிக்கும் கல்யாணம் ஆயிற்று. மாப்பிள்ளை முனிகிருஷ்ணனுக்குக் கும்மிடிப்பூண்டி இரும்பு ஷெட்டில் வேலை. ஒண்டியாக இருக்க வேண்டாம் என்று மகள் கூப்பிட, ஆடி கழிந்து சம்பூர்ணமும் அங்கேயே போனாள். பஸ்ஸில்தான் போனாள். உட்கார இடம் இருந்தும் உட்காராமல், டிரைவருக்குப் பக்கத்துக் கம்பியைப் பிடித்தபடி, கண்ணாடி வழியாக ரோட்டையே பார்த்துக்கொண்டு நின்றாளாம்.