குமிழி இல்லாத சீசா

நீரேற்று நிலையத்தில் தண்ணீர் மாதிரி எடுக்கும் நக்லா, சீசாவைக் கவிழ்த்துப் பார்த்தாள். உள்ளே ஒரு குமிழி கூட இல்லை. குமிழி இருந்தால் தண்ணீரில் அளக்க வேண்டிய வேதிப்பொருள் ஆவியாகி அதற்குள் போய்விடும். மாகாண ஆய்வகம் நல்ல தண்ணீர் என்று எழுதி அனுப்பும்.

கால்வாய்த் தண்ணீரில் பாசி இருக்கும்போதே குளோரினைக் கொட்டினால் குளோரோஃபார்ம் உண்டாகும்; அது கருவைப் பாதிக்கும் என்று ஒரு சந்தேகம் உண்டு. வடிகட்டிய பிறகு கலந்தால் குறையும். நிலையத் தலைவனிடம் மூன்று முறை எழுதிக் கொடுத்தாள், பதில் இல்லை. இந்தச் சீசா ஒழுங்காகப் போய்ச் சேர்ந்தால் மேலிடம் மாற்றச் சொல்லும். அவளுக்கு இது ஏழாவது மாதம். போன பிள்ளை ஆறாவதிலேயே கலைந்தது. எதனால் என்று எந்த மருத்துவரும் சொல்லவில்லை.

"பாதியைக் கொட்டு," என்றான் மித்வல்லி. நீரேற்று நிலையத்தின் தலைவன். எல்லோருக்கும் ரயீஸ்.

"கொட்டினா அது சாம்பிளே இல்ல, ரயீஸ்."

"வயித்துல புள்ள வந்ததுலேர்ந்து உனக்கு நைல் தண்ணியே விஷம்."

"விஷம்னு சொல்லல. சந்தேகம் இருக்கு. அதான் அளக்குறோம்."

"போன கோடையில டைஃபாய்டுல மூணு புள்ளைங்க செத்துச்சு. பொறந்து வளந்த புள்ளைங்க. அதுல சந்தேகம் இல்ல."

"குளோரினை நிறுத்தச் சொன்னேனா? போடுற இடத்தை மாத்தச் சொன்னேன்."

"மாத்தினா முதல் தொட்டி பாசி பிடிக்கும். யாரு இறங்கித் தேய்ப்பா? உன் புருஷனா?"

"நீங்க இறங்குங்க. தொப்பையாவது கரையும்."

பம்பு அறையில் யாரோ சிரித்து, இருமலாக மாற்றினார்கள்.

மித்வல்லி சீசாவைப் பிடுங்கினான். மூடியைத் திருகி, பாதியைக் கைகழுவும் தொட்டியில் ஊற்றினான். மறுபடி மூடி மேசையில் வைத்தான்.

"முப்பது வருஷமா இதைத்தான் குடிக்கிறேன். எனக்கென்ன ஆச்சு?"

"உங்க வயித்துல யாரும் இல்லையே."

"கையெழுத்து போடு, மகளே."

அவள் படிவத்தை இழுத்துக்கொண்டாள். குறிப்பு என்ற கட்டத்தில் எழுதினாள்: சீசா திறக்கப்பட்டது, பாதி கொட்டப்பட்டது, செல்லாது. திறந்தவர் பெயரையும் நேரத்தையும் எழுதிக் கையெழுத்திட்டாள்.

செல்லாத சீசாவுக்குப் பதிலாக மாகாணத்து ஆட்களே நேரில் வந்து தண்ணீர் பிடிப்பார்கள். அது அவனுக்கும் தெரியும்.

"அவங்க வர ரெண்டு மாசம் ஆகும்," என்றான். "அதுக்குள்ள நீ பெத்துருவ."

"பக்கத்து வீட்டுக்காரிக்கு இப்பதான் மூணாவது மாசம்."

அவன் தொலைபேசியை எடுத்தான். நாளையிலிருந்து இவளை மீட்டர் கிடங்குக்கு அனுப்புங்கள் என்று அவள் எதிரிலேயே சொன்னான். நக்லா படிவத்தின் நகலைத் தனியே கிழித்தெடுத்துக் கைப்பையில் வைத்தாள். அசலை அவன் கைக்கு எட்டாமல், மாகாணத்துக்குப் போகும் தபால் பைக்குள் போட்டுக் கட்டினாள்.