கறுத்துப்போன பாட்டில்

கிணற்று மேடையை உடைக்க என் வீட்டுக்காரர் கடப்பாரையோடு கிளம்பியது நான் அடித்த கூத்தால்தான்.

அவர் கொத்தனார். போன மழைக்காலத்தில் என் தங்கச்சி மகள் எங்கள் வீட்டுக்கு வந்து, நாலே நாளில் வயிற்றுப்போக்கில் துவண்டுபோனாள். ஒன்றரை வயதுக் குழந்தை. "இந்தக் கிணத்துத் தண்ணி சரியாகுற வரைக்கும் இவளைக் கூட்டிட்டு வரமாட்டேன்க்கா" என்று போன தங்கச்சி போனவள்தான். எங்களுக்குப் பிள்ளை இல்லை. வீட்டில் கேட்கிற ஒரே சிரிப்புச் சத்தமும் நின்றுபோனது.

இவர் மூன்று மாதம், ஓய்வு நாளெல்லாம் கிணற்றடியிலேயே கிடந்தார். சுவரை இடுப்பளவு உயர்த்தி, சுற்றிலும் சரிவாக மேடை போட்டு, துவைக்கிற தண்ணீர் திரும்ப உள்ளே இறங்காமல் வாய்க்கால் வெட்டினார். கிணற்றை மூடிக் கைப்பம்பு வைத்தார். குளோரினும் போட்டாயிற்று. தண்ணீரைச் சோதிக்க, சுகாதார நிலையத்து நர்ஸம்மா மருந்து போட்ட ஒரு சின்ன பாட்டில் கொடுத்தார்.

"இதுல தண்ணி பிடிச்சு மூடி வைங்க. ரெண்டு நாள்ல கறுத்தா கிருமி இருக்குன்னு அர்த்தம்."

பிடித்தது நான். மூன்றாம் நாள் பாட்டில் அடுப்புக்கரியாய்க் கறுத்திருந்தது.

"எங்கயோ விரிசல் விட்டிருக்கு" என்றார் இவர். சாப்பிடக்கூட இல்லை, கடப்பாரையைத் தூக்கிவிட்டார். நான் பாட்டிலைப் பார்க்க வந்து கிணற்றடியில் நின்ற நர்ஸம்மாவைப் பிடித்துக்கொண்டேன்.

"உங்க பாட்டில்தான் கோளாறு! நான் எவ்வளவு பக்குவமா பிடிச்சேன் தெரியுமா? தூசி துரும்பு விழாம, என் முந்தானையிலயே வடிகட்டி ஊத்தினேன்!"

நர்ஸம்மா என் முந்தானையைப் பார்த்தார். சத்தம் கேட்டுக் கூடிய தெருவே பார்த்தது. நான் கை துடைப்பது, மூக்கைச் சிந்துவது, காலையில் ஆட்டுக்குட்டியைத் துடைத்தது, எல்லாம் அதில்தான். கூட்டத்தில் எவளோ கிளுக்கென்று சிரித்தாள். மானம் கப்பலேறிவிட்டது. ஆனாலும் கடப்பாரையைப் பிடுங்கினேன்.

"உடைக்காதீங்க. தப்பு என்னோடது."

அடுத்த பாட்டிலில் நர்ஸம்மாவே பம்பிலிருந்து நேராகப் பிடித்தார். இரண்டு நாள் போயிற்று, மூன்றும் போயிற்று, நிறம் மாறவே இல்லை. தங்கச்சிக்கு உடனே போன் போட்டேன்.

வந்தாள். குழந்தை ஒரு டம்ளர் தண்ணீரை மடமடவென்று குடித்துவிட்டு, மோவாயில் வழிய வழிய என்னைப் பார்த்துச் சிரித்தது. ஆசையாய்த் துடைக்கப் போனேன்.

"ஏய், முந்தானை!" என்றார் இவர்.

சொல்லிவிட்டு அவரே விழுந்து விழுந்து சிரித்தார். எத்தனை மாதமாயிற்று அந்தச் சிரிப்பைக் கேட்டு! தானாகக் காயட்டும் என்று குழந்தையைத் தூக்கிக்கொண்டேன்.