கூடத்துச் சுவரின் சந்தன நிறம்

ஆஸ்பத்திரியிலிருந்து போன் வந்தபோது என் வீட்டுக்காரர் கூடத்துச் சுவருக்கு எதிரே நாற்காலியைப் போட்டு உட்கார்ந்திருந்தார். கண்புரை எடுத்து, லென்ஸ் வைத்து, கட்டுப் பிரித்து வந்ததிலிருந்து அந்த இடம்தான். நான்தான் போனை ஸ்பீக்கரில் போட்டேன்.

"சார், கண்ணாடி இல்லாம படிக்க முடியுதா?" என்றாள் ஒரு பெண், ஏகப்பட்ட உற்சாகத்தோடு.

"முடியுதும்மா."

"கலரெல்லாம் பளிச்சுன்னு தெரியுதா?"

"நல்லாத் தெரியுது."

"ஒண்ணுலேர்ந்து அஞ்சுக்குள்ள எவ்வளவு திருப்தி, சார்?"

"அஞ்சே போட்டுக்கம்மா."

அவர் பெயின்ட் கடையில் நிறம் கலக்குபவர். ஒரு துணித்துண்டை நீட்டினால் அதே நிறத்தைக் கொண்டுவந்துவிடுவார் என்று பெயர். சில வருடங்களுக்கு முன்பு எங்கள் கூடத்துக்குத் தானே சந்தன நிறம் கலந்து, தானே அடித்தார். காய்ந்ததும் பார்த்தால், ஆஸ்பத்திரி வராந்தா மாதிரி நீலம் பாய்ந்த வெள்ளை. புரை படிந்த கண்ணுக்கு வெள்ளையும் மஞ்சளாகத் தெரியும் என்று அப்போது யாருக்குத் தெரியும்? "எப்படி இருக்கு?" என்றார், முகமெல்லாம் சிரிப்பாக. "அசல் சந்தனம்" என்றேன். வாய் முந்திக்கொண்டது.

அதன்பிறகு வீட்டுக்கு வருகிறவர்களுக்குக் கண்ஜாடை காட்டுவதே என் பிழைப்பாகிவிட்டது. நாத்தனார் மட்டும் அடுப்படிக்கு வந்து, "அண்ணி, இது சந்தனம்னா நான் உலக அழகி" என்று சொல்லிவிட்டுப் போனாள். கடை முதலாளியும் ஒருநாள் போன் செய்தார். "அண்ணி, அண்ணன் கலக்குறத இன்னொரு ஆள வச்சு சரிபண்ணிக்கிறோம். சொல்லிராதீங்க, ஒடிஞ்சுபோயிருவாரு." சரி என்றேன். கண்ணைக் காட்டலாம் என்றால், "எனக்கென்ன, கழுகுக் கண்ணு" என்பார். தண்ணீரை டம்ளருக்கு வெளியே ஊற்ற ஆரம்பித்த பிறகுதான் ஆபரேஷனுக்கே ஒப்புக்கொண்டார்.

போனை வைத்ததும் கேட்டார்.

"கடையிலயும் தெரியுமா?"

"ம்."

"எல்லாருக்குமா?"

கட்டுப் பிரிக்கிற நாளுக்கென்று என்னென்னவோ சமாதானம் தயார் செய்து வைத்திருந்தேன். ஒன்றும் வரவில்லை. அழுகையும் வரவில்லை. மடக்கி உட்கார்ந்து மரத்துப்போன கால் மாதிரி இருந்தது மனசு. அவர் கத்தியிருந்தால் நானும் கத்தியிருப்பேன். அதற்கும் அவர் வழி வைக்கவில்லை. இரவு சாப்பாடு போட்டேன். சாப்பிட்டார். தட்டைக் கழுவி வைத்தேன்.

மறுநாள் வழக்கம்போலக் கடைக்குப் போனார். சாயங்காலம் ஒரு சின்ன டப்பாவும் பிரஷ்ஷுமாகத் திரும்பினார். செருப்பைக்கூடக் கழற்றாமல் மூடியைத் திறந்து, சுவரின் நடுவில் ஒரே இழுப்பு இழுத்தார். இத்தனை வருடமும் நான் அந்த இடத்தில் பார்த்ததாகச் சொல்லிக்கொண்டிருந்த நிறம்.

"இது என்ன கலரு?"

"சந்தனம்."

"நெஜமாவா?"

"நெஜமாத்தாங்க."

ஈரப் பெயின்ட் ஒரு சொட்டாகத் திரண்டு வெள்ளையில் மெதுவாக இறங்கியது. அவர் சுவர்ப்பக்கம் திரும்பவேயில்லை. அந்தப் புதுக் கண்ணால் என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார்.