புது ஊசியும் மாமனாரின் நடையும்

பல் செட் செய்கிற பட்டறையில் வேலை பார்த்ததால் தெருவில் அவருக்குப் பல்லுக்காரர் என்றே பெயர் விழுந்துவிட்டது. முகம் பார்த்திராத ஆட்களின் வாய்க்குப் பொருந்துகிற மாதிரி பகல் முழுக்க ராவுவதும் தேய்ப்பதும் மறுபடி ராவுவதும்தான் வேலை. சாயங்காலம் வீட்டுக்கு வந்து, நகக்கண்ணில் ஒட்டிய வெள்ளைப் பொடியைத் தேய்த்துக் கழுவியதும் நேராக ரெக்கார்டு பிளேயர் முன்னால் போய் நிற்பார்.

அந்தப் பிளேயர் யாரோ வீட்டைக் காலி செய்யும்போது தள்ளிவிட்ட பழசு. நல்லதாகப் புதிதாக ஒன்று வாங்க வசதி போதாது. அதனால் இருப்பதையே கொஞ்சம் கொஞ்சமாகத் தேற்றிக்கொண்டு வந்தார். முதலில் தட்டைச் சுழற்றுகிற பெல்ட்டை மாற்றினார். கொட்டாவி விட்டுக்கொண்டிருந்த பாட்டு நிமிர்ந்து உட்கார்ந்தது. அடுத்து, இசைத்தட்டுக்கு அடியில் கிடந்த நைந்த துணியை எடுத்துவிட்டு கார்க் விரிப்பு போட்டார். அதில் பெரிதாக ஒன்றும் மாறவில்லை. மாறியது மாதிரி மனைவியிடம் சொல்லிக்கொண்டார், அவ்வளவுதான்.

"இப்படிச் சில்லறையா மாத்திக்கிட்டே இருக்காதீங்க" என்றார் பிளேயர் சாமான் விற்கிற கடைக்காரர். "கையில இருக்கற காசை ஊசியில போடுங்க. தட்டைத் தொடுறது அது ஒண்ணுதான். மத்ததெல்லாம் அலங்காரம்."

யோசித்து யோசித்து, கடையில் இருந்ததிலேயே நடுத்தரமான ஓர் ஊசியை வாங்கி வந்து மாட்டினார். மாட்டிய அன்றைக்குச் சந்தோஷத்தில் அவருக்குச் சோறு இறங்கவில்லை. டிரம்பெட் வாசிப்பவர் மூச்சு இழுப்பதுகூடக் காதில் விழுந்தது. மருந்துக்கடையில் சாயங்கால வேலை முடிந்து வந்த மனைவியை, செருப்பைக் கழற்றக்கூட விடாமல் உட்கார வைத்துக் கேட்க வைத்தார்.

"மூச்சு கேக்குது, சரி. மனுஷனுக்குச் சளி பிடிச்சிருக்கு போல" என்று சொல்லிவிட்டு அவள் அடுப்படிக்குப் போனாள்.

மாமனார் வந்து சேர்ந்தது அந்த வாரம்தான்.

மாமனார் ரயிலில் டிக்கெட் பரிசோதகராக இருந்து ஓய்வு பெற்றவர். ஆயுசில் பாதியை ஓடுகிற வண்டியில், எதையும் பிடிக்காமல் நடந்தே கழித்த மனிதர். மாடிப்படியில் வழுக்கி விழுந்து இடுப்பு எலும்பு முறிந்து, மூட்டு மாற்றிக்கொண்டு, கையில் வாக்கரோடு மகள் வீட்டுக்கு வந்து இறங்கினார். தனியாக நடக்கக் கூடாது, பக்கத்தில் ஆள் வேண்டும், காலையும் சாயங்காலமும் கட்டாயம் நடக்க வேண்டும் என்று டாக்டர் சொல்லி அனுப்பியிருந்தார். காலை நடை மகள் பொறுப்பு, சாயங்கால நடை மாப்பிள்ளை பொறுப்பு என்று பேச்சாயிற்று.

வீட்டில் நடக்க நீளமான இடம் கூடம் ஒன்றுதான். கூடத்தில்தான் பிளேயரும் இருந்தது. மாடி வீடு, தரை முழுக்கப் பலகை.

முதல் நாள் சாயங்காலம் மாமனார் வாக்கரைத் தூக்கி வைத்தார். 'டக்'. இன்னோர் அடி. 'டக்'. மூன்றாவது அடிக்கு ஊசி துள்ளிக் குதித்து, பாட்டின் நடுவிலிருந்து கடைசிக்குப் போய் விழுந்தது. கடைக்காரர் இதைச் சொல்லியிருந்தார்: இந்த ஊசி தட்டை லேசாகத்தான் தொடும், அதிர்ச்சி ஆகாது.

"மெதுவா, மாமா" என்றார் பல்லுக்காரர். சொல்ல வேண்டும் என்று நினைத்துச் சொல்லவில்லை, வாய் தானாகச் சொல்லிவிட்டது.

மாமனார் அப்படியே நின்றார். பிறகு வாக்கரைத் திருப்பி, பூனை மாதிரி நாற்காலிக்கு வந்து உட்கார்ந்தார். "நீங்க கேளுங்க மாப்ள. காலையிலேயே நல்லா நடந்துட்டேன்" என்றார்.

மறுநாளும் அதையே சொன்னார். அதற்கு அடுத்த நாளும். பல்லுக்காரருக்கும் அதை நம்புவது சௌகரியமாக இருந்தது. அதைவிட, துணைக்கு ஓர் ஆள் கிடைத்த சந்தோஷம். இத்தனை வருஷத்தில் அந்த வீட்டில் யாரும் தட்டின் ஒரு பக்கத்தை முழுசாக உட்கார்ந்து கேட்டதில்லை. மாமனார் முழங்காலில் கை வைத்து, கண்ணை மூடாமல், தட்டு சுற்றுவதையே பார்த்துக்கொண்டு கேட்டார். பல்லுக்காரர் அவருக்கு ஊசியைப் பற்றிச் சொன்னார், பெல்ட்டைப் பற்றிச் சொன்னார். அடுத்து பிளேயருக்கு ரப்பர் கால் வைக்கப் போவதையும் சொன்னார். மாமனார் எல்லாவற்றுக்கும் "ஓ, அப்படியா" என்று தலையாட்டினார்.

ரப்பர் காலும் வாங்கி மாட்டினார். அதையும் மீறி ஊசி குதிக்குமா என்று சோதித்துப் பார்க்க வாய்ப்பே வரவில்லை. வீட்டில்தான் யாரும் நடக்கவில்லையே.

பயிற்சி கொடுக்க வருகிற பிசியோ பெண் ஒரு நாள் மாமனாரின் காலை மடக்கிப் பார்த்துவிட்டு முகத்தைச் சுளித்தாள்.

"ரெண்டு வேளையும் நடக்கறீங்களா?"

"நடக்கறேம்மா."

"வாய் ஒண்ணு சொல்லுது, கால் வேற சொல்லுது. தொடை இறுகிப்போச்சு. இப்படியே விட்டா வாக்கரை விடவே முடியாது, பார்த்துக்குங்க."

மகள் கணவனைப் பார்த்தாள். கணவன் மாமனாரைப் பார்த்தார். மாமனார் ஜன்னலைப் பார்த்தார்.

அந்த வாரம் ஒரு நாள் மகள் மருந்துக்கடைக்கு விடுப்புப் போட்டுவிட்டு சாயங்காலம் வீட்டில் இருந்தாள். துணி மடிப்பது போல ஓர் ஓரமாக உட்கார்ந்து பார்த்தாள். தட்டு சுற்ற ஆரம்பித்துக் கொஞ்ச நேரத்தில் அப்பாவின் கை வாக்கரைப் பிடித்தது. பாதி எழுந்தார். ஊசியைப் பார்த்தார். உட்கார்ந்தார். திரும்பவும் அதே மாதிரி. நெற்றியில் வேர்த்திருந்தது.

"என்னப்பா வேணும்?"

"ஒண்ணுமில்ல. பாத்ரூம். இந்தப் பக்கம் முடியட்டும்."

அவள் எழுந்து போய் ஊசியைத் தூக்கி வைத்தாள். அப்பாவைக் கூட்டிக்கொண்டு போய் விட்டாள். பிறகு கணவரை அடுப்படிக்கு அழைத்தாள்.

"நடக்கறதை விடுங்க. மனுஷன் பாட்டு முடியற வரைக்கும் அடக்கிக்கிட்டு உட்கார்ந்திருக்காரு. தெரியுமா உங்களுக்கு?"

"நான் ஒரே ஒரு தடவைதான் மெதுவான்னு சொன்னேன்."

"பொண்ணு வீட்டுல இருக்கோம்னு எங்கப்பாவுக்கு ஏற்கெனவே உடம்பு கூசுது. அவருக்கு ஒரு தடவையே ஜாஸ்தி."

பல்லுக்காரருக்கு முகம் தொங்கிப்போயிற்று. வெறும் துணையென்று நினைத்து மகிழ்ந்த ஒவ்வொரு சாயங்காலமும் இப்போது வேறு மாதிரி தெரிந்தது. முழங்காலில் வைத்த அந்தக் கை, அசையாமல் உட்கார்ந்திருந்தது, எல்லாம் ரசிப்பு இல்லை, தவிப்பு. அவர் நேராகப் போய் பிளேயரை அணைத்து, மூடியைச் சாத்தி, மேலே ஒரு துணியும் போட்டார்.

மறுநாள் மாமனாரை நடக்கச் சொன்னார். மாமனார் நடந்தார். நடந்து முடித்து, துணி போர்த்திய பிளேயரைப் பார்த்துவிட்டுச் சொன்னார்:

"நான் ஊருக்குப் போறேன் மாப்ள. ஆள் வெச்சுப் பார்த்துக்கறேன்."

"ஏன் மாமா?"

"நாள் முழுக்க உழைச்சிட்டு வர்றீங்க. உங்களுக்கு இருக்கறது அது ஒண்ணு. நான் வந்து அதையும் மூடிட்டேன்."

பல்லுக்காரருக்குப் பாட்டைப் போட்டாலும் தப்பு, மூடினாலும் தப்பு. அன்றைக்கே கடைக்காரரிடம் ஓடினார். அவர் பிளேயரை வைக்கச் சுவரில் மாட்டுகிற கம்பித் தாங்கி ஒன்றைக் காட்டினார். ஊசியைவிடக் கூடுதலாக விலை சொன்னார்.

"சுவர்ல இருந்தா தரை ஆடினாலும் இது ஆடாதுங்க. விஷயம் அவ்வளவுதான்."

விஷயம் அவ்வளவுதான் என்றால் இவ்வளவு விலை கொடுத்துத் தாங்கி எதற்கு என்று பல்லுக்காரருக்குப் பட்டது. திரும்பும் வழியில் இரும்புக்கடையில் முக்கோணச் சட்டம் ஒரு ஜோடியும், மரக்கடையில் கனமான பலகைத் துண்டும் வாங்கிக்கொண்டார். தெருப் பக்கத்துச் சுவர் செங்கல். அதில் துளை போட்டார். முதல் துளை கோணலாகப் போயிற்று. பல்லில் துளை போடுவது வேறு, சுவரில் போடுவது வேறு என்று புரிந்தது. மாமனார் நாற்காலியில் உட்கார்ந்தபடி திருகாணிகளை உள்ளங்கையில் வைத்து ஒவ்வொன்றாக நீட்டினார்.

"இடது பக்கம் ஏறியிருக்கு மாப்ள."

"சரியாத்தானே இருக்கு?"

"டிக்கெட்டே எவ்வளவு பார்த்திருக்கேன். ஏறியிருக்கு."

உண்மையில் இடது பக்கம் ஏறியிருக்கவில்லை, வலது பக்கம் இறங்கியிருந்தது. இருவரும் விட்டுக்கொடுக்கவில்லை. சட்டத்துக்கு அடியில் அட்டையை மடித்து வைத்து ஒரு வழியாகச் சமன் செய்தார்கள்.

பிளேயர் சுவரேறியது. தட்டு சுற்றியது. பல்லுக்காரர் கூடத்தின் நடுவில் வந்து நின்றார்.

"மாமா, நடங்க."

மாமனார் வாக்கரை இறகு மாதிரி வைத்தார்.

"அப்படி இல்ல. ஓங்கி வைங்க."

"வேணாம் மாப்ள."

"குதிச்சா குதிக்கட்டும். ஊசிதானே, உங்க இடுப்பு இல்லையே."

மாமனார் ஒரு கணம் அவரைப் பார்த்தார். பிறகு வாக்கரைத் தூக்கி 'டக்'கென்று போட்டார். ஊசி அசையவில்லை. இன்னும் ஓங்கிப் போட்டார். அசையவில்லை. ஜன்னல் வரைக்கும் போய்த் திரும்பி, அடுப்படி வாசலைத் தொட்டு, மறுபடி வந்தார். பல்லுக்காரர் பக்கத்திலேயே நடந்தார். பாட்டை அவர் கேட்கவில்லை. மாமனாரின் மூச்சைத்தான் கேட்டுக்கொண்டிருந்தார்.

நின்று இளைப்பாறியபோது மாமனார் தயங்கித் தயங்கி ஆரம்பித்தார்.

"ஒண்ணு சொன்னா கோவிச்சுக்க மாட்டீங்களே?"

"சொல்லுங்க மாமா."

"இந்த டிரம்பெட் எனக்கு ஆகவே ஆகாது. பிளாட்பாரத்துல வண்டி கிளம்புற மாதிரியே இருக்கு. எந்திரிச்சு ஓடணும்னு தோணுது."

பல்லுக்காரர் சிரித்த சிரிப்பில் மனைவி கரண்டியோடு வெளியே வந்துவிட்டாள். விஷயம் தெரிந்ததும் அவளும் சேர்ந்துகொண்டாள். மாமனார் மட்டும் சிரிக்காமல், "இத்தனை நாள் கேட்டதுக்கு எனக்கு ஏதாவது குடுக்கணும்" என்றார்.

அன்று முதல் நடைக்குத் தோதான தட்டு எது என்று தேடுவதே சாயங்கால வேலையாயிற்று. தபலா வேகம் கூடினால் மாமனார் திட்டுவார், வீணை இழுத்தால் தூக்கம் வருகிறது என்பார். கடைசியில் யாருக்குமே பிடிக்காத ஒரு பேண்டு வாத்தியத் தட்டு அவர் அடிக்குச் சரியாக வாய்த்தது. அதைத் தேய்கிற வரைக்கும் போட்டார்கள்.

வாக்கர் போய்க் கைத்தடி வந்தது. ஊருக்குக் கிளம்புகிற அன்றைக்கு மாமனார் படியில் யார் கையையும் பிடிக்கவில்லை. ஒவ்வொரு படியாக இறங்கி, கீழே வண்டியில் ஏறி உட்கார்ந்து, கண்ணாடியை இறக்கினார்.

"மாப்ள, அந்த டிரம்பெட்டை இனிமே நல்லா சத்தமா போட்டுக்குங்க" என்றார். "நான் திரும்பி வர்றதுக்குள்ள கேட்டு முடிச்சிடுங்க."