கோட்டுக்கு வெளியே ஒரு பல்

கல்லூரி மகளிர் கூடைப்பந்து அணியில் அவளுக்குச் சுவர் என்று பெயர். பந்து போட வராது. கூடைக்கு அடியில் போய் நிற்பாள், பாய்ந்து வருகிறவள் மோதி விழுவாள், மோதியவளுக்கு ஃபவுல். அவ்வளவுதான் அவள் ஆட்டம். ஒருத்தி மோதிய வேகத்தில் தெறித்து ஸ்கோர் போர்டில் ஒட்டிக்கொண்டாள். எண்ணை மாற்ற வேண்டி வந்தபோதுதான் அவளைக் கழற்றி எடுத்தார்கள். வருஷக்கணக்காக நின்றதில் மரத்தரையில் சுவரின் குதிகால்களுக்குப் பள்ளமே விழுந்திருந்தது. கண்ணை மூடிக்கொண்டு வந்தாலும் கால் அங்கேதான் போய் உட்காரும்.

இந்த ஆண்டு விதி மாறிற்று. கூடைக்கு அடியில் ஓர் அரைவட்டக் கோடு போட்டார்கள். கோட்டுக்குள் நின்று இடி வாங்கினால், வாங்கியவளுக்கே ஃபவுல். பள்ளங்கள் கோட்டுக்கு ஒரு சாண் உள்ளே இருந்தன.

இறுதி ஆட்டத்தில் இடைவேளைக்குள் சுவருக்கு நான்கு ஃபவுல். ஐந்தானால் ஆட்டத்தை விட்டே வெளியேற வேண்டும்.

"அஞ்சாவது வாங்கினே, டீம்ல நீ இல்ல. ஹாஸ்டல் ரூமையும் காலி பண்ணிடு," என்றார் பயிற்சியாளர், அவள் மூக்கில் பஞ்சைத் திணித்துக்கொண்டே.

"நான் எங்க போறது, மேடம்?"

"கோட்டுக்கு வெளிய போ."

எதிரணியில் பாய்கிறவள் சுவரின் சொந்த அக்கா. அன்று அதுவரை இரண்டு மூக்கும் ஒரு விலா எலும்பும் உடைத்திருந்தாள். அடுத்த மூக்குக்கு ஆள் தேடிக்கொண்டிருந்தாள்.

கடைசி நிமிடத்தில் அக்கா பந்தோடு வந்தாள். சுவரின் குதிகால்கள் பள்ளத்தைத் தேடின. பல்லைக் கடித்துக்கொண்டு கால்களை இழுத்துக் கோட்டுக்கு வெளியே ஊன்றினாள். அக்காவின் தோள் அவள் தாடையில் இறங்கிய சத்தத்துக்கு, வாசலில் நின்ற பஸ்ஸின் டிரைவர் டயர் வெடித்ததென்று இறங்கிப் பார்த்தார்.

சுவர் பின்னால் சறுக்கிப் போனாள். குதிகால்கள் பழக்கம் மாறாமல் பள்ளத்தில் போய் மாட்டின. சத்தத்துக்குக் கண்ணை மூடியிருந்த நடுவர் அப்போதுதான் திறந்தார்.

"கோட்டுக்கு உள்ள. அஞ்சு," என்று விசில் ஊதினார்.

சுவர் நாக்கால் துழாவினாள். முன்பல் ஒன்று இல்லை. இடி வாங்கிய இடத்தில்தான் விழுந்திருக்க வேண்டும். அங்கே அக்கா நின்றாள். போட்டோவுக்குக்கூட ஓரிடத்தில் நிற்காத அக்கா, அசையாமல் நின்றாள்.

"அக்கா, காலைத் தூக்கு."

"எதுக்குடி?"

"என் பல்லு."

"உன் பல்லுக்கு நான் என்ன வாட்ச்மேனா? போய்ப் படு."

சுவர் எழுந்து மைதானத்தின் பாதி வரைக்கும் நடந்தாள். திரும்பினாள். வாழ்க்கையில் முதல் தடவையாக ஓடி வந்து, தலையால் அக்காவின் வயிற்றில் முட்டினாள். அக்கா பறந்துபோய், பெஞ்சில் இருந்த மாற்று ஆட்டக்காரிகள் இருவரையும் தண்ணீர் டிரம்மையும் வாரிக்கொண்டு மூலையில் சாய்ந்தாள்.

கோட்டுக்கு நன்றாக வெளியே, ரத்தத்தோடு பல் கிடந்தது.

நடுவர் குந்தி உட்கார்ந்து பார்த்தார். பல் வெளியே என்றால் பல்லுக்குச் சொந்தக்காரியும் வெளியேதான்.

"அந்த ஃபவுல் அக்காவுக்கு," என்றார். "இப்ப முட்டினது உனக்கு. அதே அஞ்சுதான். கிளம்பு."

சுவர் அறைச்சாவியைப் பயிற்சியாளரிடம் நீட்டினாள். அவர் சாவியைப் பார்க்கவில்லை. மூலையில் கிடந்த குவியலையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"சாவிய உள்ள வை. இனிமே நீ நிக்க வேணாம். நாளைக்குக் காலைல இடிக்க வா."

"தோளால இடிக்கச் சொல்லிக் குடுங்க, மேடம்," என்றது டிரம்முக்கு அடியிலிருந்து அக்காவின் குரல். "மாடு மாதிரி முட்டுறா."