பானெட் கொக்கியில் ஒரு நூல்

மாலை ஆறு மணிக்கு, வாசலில் யாரும் இல்லாத நேரம் பார்த்து, அளவுக்காரர் ஜீப்பின் பானெட் கொக்கியில் ஒரு கறுப்பு நூலைச் சுற்றினார். மனைவியின் தையல் டப்பாவிலிருந்து சொல்லாமல் எடுத்த நூல். பழைய காலத்து ஜீப் அது. பானெட்டை மூட இரண்டு பக்கமும் வெளியே கொக்கிதான், பூட்டெல்லாம் கிடையாது, கை உள்ள எவனும் திறக்கலாம். திறந்தால் நூல் அறும். முடிச்சைப் போட்டு, நுனியை நகத்தால் கிள்ளிவிட்டு நிமிர்ந்தபோது பின் அறையில் தம்பி இருமுவது கேட்டது. இருமு, இருமு, நாளைக்குத் தெரியும் உன் வண்டவாளம் என்று மனதுக்குள் சொல்லிக்கொண்டார்.

மலைமேல் இருக்கும் நீர்த்தேக்கத்தின் மட்டத்தைத் தினமும் பார்த்து, காலை ஏழு மணிக்குள் அலுவலகத்துக்கு போன் செய்து சொல்வது அவர் வேலை. பதினெட்டு வருடமாக அதைச் செய்வதால் பெயரே அளவுக்காரர் என்று ஆகிவிட்டது. மேலே போகும் பாதை பாதி பாறை, பாதி சேறு. நான்கு சக்கரமும் சேர்ந்து இழுக்கும் இந்தக் கிழட்டு ஜீப்பை விட்டால் கால்நடைதான் கதி. அந்த ஜீப் இரண்டு மாதமாக விடியற்காலையில் முரண்டு பிடிக்கிறது. ஸ்டார்ட்டர் சுற்றும், இன்ஜின் பற்றாது. பேட்டரி சோர்ந்து போகும்வரை சுற்றிப் பார்த்துவிட்டு அவர் நடந்து மலையேறி, எட்டரைக்கு அளவைச் சொல்லி, அலுவலகத்தில் வாங்கிக் கட்டிக்கொள்வார். திரும்பி வந்து சாவியைத் திருகினால், ஒன்றுமே தெரியாத பாப்பா மாதிரி ஒரே சுற்றில் ஓடும். இனி ஒருமுறை தாமதமானால் வேறு ஆளைப் போடுவதாகப் போன வாரம் கடிதமே வந்துவிட்டது.

அடுத்த தெரு மெக்கானிக்கின் உடம்பைப் பார்த்து யாரோ குண்டூசி என்று பெயர் வைத்திருந்தார்கள். அவன் மூன்று முறை வந்தான், மூன்று முறையும் மத்தியானம். பிளக்கைக் கழற்றி இன்ஜின்மேல் வைத்துச் சுற்றச் சொன்னால் நீலமாகப் பொறி பறக்கும். பாயிண்ட் மாற்றினான், கண்டன்சர் மாற்றினான், கடைசியில் காயிலையும் மாற்றினான். மறுநாள் காலை பழைய குருடி கதவைத் திறடி. மூன்றாம் முறை கையைத் துடைத்துக்கொண்டே, "யாராவது கை வைக்கிறாங்களாண்ணே?" என்று போகிற போக்கில் ஒரு வார்த்தையை விட்டுவிட்டுப் போனான். அளவுக்காரருக்கு அன்றிரவு சாப்பாடு இறங்கவில்லை.

ஏனென்றால் தம்பி வந்தும் சரியாக இரண்டு மாதம். பத்தொன்பது வயதில், அண்ணனிடம் கேட்காமல் அப்போதிருந்த வண்டியை எடுத்துக்கொண்டு போய், வெள்ளம் போன ஓடையில் இறக்கி இன்ஜினைத் தண்ணீர் குடிக்கவிட்ட மகான் அவன். அதற்குப் பிறகு அண்ணன் தம்பி பேச்சுவார்த்தை இல்லாமல் பதினோரு வருடம் போயிற்று. வேலை போய், ஒற்றைப் பையோடு வாசலில் வந்து நின்றவனிடம் அவர் சொன்னது இவ்வளவுதான்: "இங்க இருந்துக்கோ. வண்டியில மட்டும் கை வைக்கக் கூடாது." தலையாட்டினான். மூன்றாம் நாளே சோற்றைப் பிசைந்துகொண்டு, "உங்க ஆபீஸ்ல ஆள் எடுக்கிறாங்களாண்ணே?" என்று கேட்டான். அளவுக்காரருக்கு மூக்கில் வியர்த்துவிட்டது. வண்டி நின்றால் அளவு தாமதமாகும், அளவு தாமதமானால் இடம் காலியாகும், காலியானால் உட்கார ஆள் வீட்டுக்குள்ளேயே தயார். இதற்குமேல் என்ன வேண்டும்?

மறுநாள் விடியற்காலை டார்ச்சோடு போய்ப் பார்த்தார். நூல் அறுந்திருந்தது. வண்டி ஒரே சுற்றில் ஓடியது. அதற்கடுத்த இரண்டு நாளும் அதேபோல நூல் அறுந்திருந்தது, வண்டி ஓடியது. நான்காம் நாள் போட்ட முடிச்சு போட்டபடி இருந்தது, வண்டி ஓடவில்லை. சாதாரண மனிதன் இந்தக் கணக்கில் கொஞ்சம் நின்று யோசித்திருப்பான். அளவுக்காரருக்கு எல்லாவற்றுக்கும் விளக்கம் இருந்தது. முதல் மூன்று நாள் வந்திருக்கிறான், அவசரத்தில் காரியம் கைகூடவில்லை. நான்காம் நாள் முடித்துவிட்டான், நூலையும் பார்த்துவிட்டு அதேபோலத் திரும்பக் கட்டியிருக்கிறான். திருட்டுப் பயலுக்குத் தையல் வேறு தெரிகிறது என்று பல்லைக் கடித்தார். அன்று மூச்சிரைக்க ஓடி மலையேறி, ஏழு அடிக்க இரண்டு நிமிடம் இருக்கும்போது அளவைச் சொன்னார். இறங்கியதும் நேரே கடைக்குப் போய் இரும்புச் சங்கிலியும் பூட்டும் வாங்கிவந்து பானெட்டைக் குறுக்காகக் கட்டினார். சாவியை அரைஞாணில் கோத்துக்கொண்டார்.

மறுநாள் பனி கைக்கு எட்டும் தூரத்தைக்கூட மறைத்தது. சங்கிலி அப்படியே இருந்தது. ஜீப் செத்துக் கிடந்தது.

இரண்டாவது சாவி செய்துவிட்டான் என்பதைத் தவிர அவருக்கு வேறு எதுவும் தோன்றவில்லை. நேரே பின் அறைக்குப் போய்ப் போர்வையை இழுத்தார்.

"சாவி எங்கடா?"

"எந்தச் சாவிண்ணே?"

"என் காதுல பூ சுத்தாத. வண்டியத் தொட்டியா இல்லையா? அதை மட்டும் சொல்லு."

தம்பி எழுந்து உட்கார்ந்தான். சுவரைப் பார்த்தான். "தொட்டேன். ஆனா..."

"தொட்டேல்ல. போதும். ஏழு மணி பஸ் இருக்கு."

அந்த 'ஆனா'வுக்குப் பின்னால் என்ன இருந்தது என்று அவர் கேட்கவில்லை. கேட்டால் மனம் இளகிவிடும் என்று பயம். தம்பியும் மன்றாடவில்லை. வந்தபோது கொண்டுவந்ததையே பையில் போட்டுக்கொண்டு, செருப்பை மாட்டி, அண்ணியிடம் மட்டும் தலையசைத்துவிட்டுப் பனிக்குள் போய்விட்டான். மனைவி போனை எடுத்துக் குண்டூசியை அழைத்தாள்.

முதல்முறையாக அவன் விடியற்காலையில், வண்டி படுத்த நேரத்தில் வந்தான். சங்கிலியை அவிழ்க்கச் சொன்னான். பிளக்கில் பொறி இல்லை. காயிலிலிருந்து வரும் தடித்த வயரைப் பிடித்துப் பார்த்தான், அங்கே பொறி இருந்தது. "அப்போ நடுவுலதான் களவு போகுது" என்று முனகிக்கொண்டு, நான்கு பிளக்குக்கும் மின்சாரத்தைப் பங்கிட்டுக் கொடுக்கும் டிஸ்ட்ரிபியூட்டரின் மூடியைக் கழற்றி டார்ச்சில் திருப்பினான். உள்ளே பனி நீர் முத்து முத்தாகக் கோத்திருந்தது. பக்கவாட்டில் தலைமுடி அளவுக்கு ஒரு விரிசல். விரிசலின்மேல் ரோஜா நிறத்தில் ஏதோ பூசி, அது பாதி உரிந்திருந்தது.

"விரிசல் வழியா ஈரம் எறங்கி, பொறி அதுலயே ஓடிப் போயிடுது. வெயில் ஏறினா காஞ்சிடும். அதான் நான் வர்றப்பல்லாம் நல்லா இருந்திருக்கு" என்றான் குண்டூசி. பிறகு மூடியை மூக்கருகே கொண்டுபோய், "இது நகப் பூச்சுண்ணே. அவசரத்துக்கு வெவரம் தெரிஞ்சவங்க அடைக்கிறதுதான். பித்தளையெல்லாம் பளிச்சுனு இருக்கு பாருங்க. தெனம் விடியக்கால யாரோ தொடச்சு வச்சிருக்காங்க. நேத்தும் இன்னிக்கும்தான் தொடைக்கல போல."

அளவுக்காரர் மனைவியைப் பார்த்தார்.

"பாட்டில நான்தான் குடுத்தேன்" என்றாள் அவள். "கடிதம் வந்ததுலேருந்து தெனம் அவன்தான் தொடச்சான். நேத்து விடியக்கால காய்ச்சலோட படுத்திருந்தான், எழுந்திரிக்கல. அப்புறம் நீங்க பூட்டிட்டீங்க. உங்ககிட்ட சொல்லலாம்னு நான்தான் சொன்னேன். அவன்தான், நான் தொட்டேன்னு தெரிஞ்சாலே அண்ணன் அனுப்பிடுவாரு அண்ணினு சொன்னான்."

அவருக்கு முகம் முழுக்கச் சூடேறியது. வெட்கம்தான், வேறொன்றுமில்லை. பதினெட்டு வருடமாகத் தண்ணீரை அரை அங்குலம் பிசகாமல் அளந்தவர், பின் அறையில் படுத்திருந்தவனை ஒரு நாள்கூட நிமிர்ந்து பார்க்கவில்லை. அவனுக்குக் காய்ச்சல் என்பதே இப்போதுதான் தெரிகிறது.

குண்டூசி மூடியைத் துடைத்து மாட்டி, புதியது மத்தியானம் கொண்டுவருவதாகச் சொன்னான். சாவியைத் திருகியதும் இன்ஜின் இரண்டு முறை தும்மிவிட்டுப் பற்றிக்கொண்டது. மணி ஆறு நாற்பது. தெருமுனையில் இடது பக்கம் திரும்பினால் மலைப் பாதை, அழுத்திப் போனால் அளவுக்கு நேரம் சரியாக இருக்கும். வலது பக்கம் பஸ் நிற்கும் இடம். கடிதத்தில் இருந்த கடைசி வரி அவருக்கு நன்றாக நினைவிருந்தது. வலது பக்கம் திருப்பினார்.

என்னென்னவோ சொல்ல வேண்டும் என்று வழியெல்லாம் கோத்துக்கொண்டு போனார். சிமெண்ட் பெஞ்சில், பையை மடியில் கட்டிக்கொண்டு ஒடுங்கி உட்கார்ந்திருந்தவனைப் பார்த்ததும் எல்லாம் மறந்துபோயிற்று. "ஏறு" என்று மட்டும் வந்தது. அது அதட்டல் மாதிரியே ஒலித்தது.

தம்பி எழுந்திருக்கவில்லை. அவன் அண்ணனைப் பார்க்கவும் இல்லை. தலையைச் சாய்த்து இன்ஜின் சத்தத்தைக் கேட்டுக்கொண்டிருந்தான்.

"ஒரு பிளக் விட்டு விட்டுப் பிடிக்குதே."

"ஆமா."

"உள்ள இன்னும் ஈரம் இருக்கு. ஆஃப் பண்ணிடாதீங்கண்ணே, மறுபடி எடுக்காது."

பனிக்குள்ளிருந்து பஸ் வந்து ஜீப்புக்குப் பின்னால் நின்றது. கதவு திறந்தது. தம்பி பையைத் தோளில் மாட்டிக்கொண்டு எழுந்து, பஸ்ஸையும் ஜீப்பையும் பார்த்தபடி நடுவில் நின்றான். டிரைவர் ஹாரனை அடித்தார், வழிவிடச் சொல்லி மறுபடி நீளமாக அடித்தார். அளவுக்காரர் நகரவில்லை. இன்ஜின் அணைந்துவிடாமல் ஆக்ஸிலேட்டரை இலேசாக அழுத்திப் பிடித்திருந்த வலது காலில் நடுக்கம் ஏறிக்கொண்டே வந்தது. அவர் காலை எடுக்கவில்லை.