அதே கையெழுத்து

பங்களாவின் பின்கட்டில் கித்தேரியம்மாள் காலை ஏழு மணியிலிருந்து துணி தேய்த்துக்கொண்டிருந்தாள். மே மாதக் கடைசி. சீசனுக்கு வந்த விருந்தாளிகள் ஒன்பது பேர் தங்கியிருந்தார்கள். மூன்று நாளாக மஞ்சு விலகாததால் படுக்கை விரிப்புகள் ஈர வாடையோடு கிடந்தன. இஸ்திரிப் பெட்டிச் சூட்டிலேயே காயவைத்து எடுக்க வேண்டியிருந்தது. கரி மங்கும்போதெல்லாம் முகத்தை ஒரு பக்கமாகச் சாய்த்து ஊதினாள். நேராக ஊதினால் சாம்பல் பறந்து வெள்ளைத் துணியில் விழும். அப்புறம் பங்களாம்மாவிடம் யார் பாட்டுக் கேட்பது!

காது மட்டும் உள்கட்டிலேயே இருந்தது. பங்களாம்மா இன்றைக்கு ஒரு லெட்டர் தருவதாகச் சொல்லியிருந்தாள்.

லெட்டர் மகள் லீமாவுக்கு. பூம்பாறை வளைவில் பூண்டு லாரி உருண்டு புருசன் மரியசூசை செத்தபோது லீமாவுக்கு ஆறு வயது. இப்போது பிளஸ் டூ முடித்து, கணக்கில் இருநூற்றுக்கு நூற்றுத் தொண்ணூற்றாறு வாங்கி, மதுரைக் கல்லூரி ஒன்றில் இடமும் வாங்கிவிட்டாள். சம்பளமும் ஆஸ்டலும் கட்டத்தான் வழியில்லை. செத்துப்போன எஸ்டேட் துரை ஒருவர் பேரில் நடந்த டிரஸ்ட், மலைப் பிள்ளைகள் இரண்டு பேருக்கு வருசந்தோறும் படிப்புச் செலவு கொடுத்தது. கிடைத்தால் மதுரை. கிடைக்காவிட்டால் லீமாவும் ஒரு இஸ்திரிப் பெட்டியைப் பிடித்துக்கொண்டு நிற்க வேண்டியதுதான். விண்ணப்பத்தோடு ஒரு சிபாரிசுக் கடிதம் வைக்க வேண்டும். ஒன்றே ஒன்று, இரண்டு வைத்தால் தள்ளுபடி.

பதினோரு மணிக்குப் பங்களாம்மா வந்தாள். கோயமுத்தூர் மில் முதலாளியின் விதவை. புருசன் போனபின் கோடைக்கானலிலேயே வாசம்.

"இந்தா கித்தேரி. கவர் ஒட்டலை. உன் பொண்ணுதான் இங்கிலீஷ் படிக்கிறாளே, படிச்சுக் காட்டச் சொல்லு."

"ரொம்பப் புண்ணியங்கம்மா."

"புண்ணியம் இருக்கட்டும். அந்த நீல விரிப்பு எங்க?"

சாயங்காலம் மூஞ்சிக்கல்லில் தங்கள் வீட்டில் லீமா கவரைப் பிரித்தாள். கெட்டியான சந்தன நிறக் காகிதம். உச்சியில் பங்களாவின் பேர் தடவினால் கையில் படுகிற மாதிரி அச்சாகியிருந்தது. முதலில் மனசுக்குள் படித்தாள். முகம் சுண்டிப்போயிற்று.

"என்னடி, சத்தமாப் படி."

"வேணாம்மா."

"படிங்கேன்ல."

லீமா ஒவ்வொரு வரியாகத் தமிழில் சொன்னாள். "கித்தேரி எங்க வீட்ல பதினோரு வருசமா வேலை பாக்குறா. இதுவரை ஒரு ஸ்பூன்கூடக் காணாமப் போனதில்ல. ஆரம்பத்துல சில்லறைய வேணும்னே அங்கங்க போட்டு வச்சுப் பாத்தோம். எல்லாத்தையும் எடுத்தாந்து குடுத்துட்டா. மகளும் அதே மாதிரி அடக்கமான பொண்ணு. கேட்டாத்தான் வாயத் தொறப்பா."

"அப்புறம்?"

"அவ்வளவுதான்."

"கணக்குல எடுத்த மார்க்கு?"

"அதப் பத்தி ஒண்ணுமில்ல."

கித்தேரியம்மாள் காகிதத்தை வாங்கித் திருப்பிப் பார்த்தாள். "வேணும்னேவா போட்டு வச்சா? நான் பாவம், மறதிக்காரப் பொம்பளன்னுல்ல நெனச்சேன்!" என்றாள். சிரிக்கப் பார்த்தாள், வரவில்லை.

இன்னொரு கடிதமும் கையில் இருந்தது, லீமாவின் கணக்கு வாத்தியார் சேனாதிபதி எழுதியது. நோட்டில் கிழித்த கோடு போட்ட தாள் இரண்டு, முன்னும் பின்னும். "இருபத்திரண்டு வருசமாகக் கணக்குச் சொல்லிக் கொடுக்கிறேன். புத்தகத்தில் ஒன்றரைப் பக்கத்துக்குப் போட்டிருக்கும் ஒரு கணக்கை இந்தப் பெண் ஏழே வரியில் போட்டுக் காட்டினாள். இப்போது எல்லா வகுப்பிலும் நான் இவள் வழியில்தான் நடத்துகிறேன்." அந்த இடம் வந்ததும் லீமா தாளை மடியில் கவிழ்த்துக்கொண்டாள். மேற்கொண்டு படிக்க முடியவில்லை.

"இதையே வைப்போம்டி" என்றாள் கித்தேரியம்மாள்.

மறுநாள் வெள்ளனே இரண்டு பேரும், எதற்கும் இருக்கட்டும் என்று இரண்டு கடிதத்தையும் எடுத்துக்கொண்டு, டிரஸ்ட் ஆபீசுக்குப் போனார்கள். கிளார்க் ஞானமுத்து இவர்கள் சர்ச்சுப் பங்கைச் சேர்ந்தவர்தான். ஞாயிறு பூசைக்கு இரண்டு வரிசை முன்னால் உட்காருகிறவர். சாமி வரம் கொடுத்தாலும் பூசாரி கொடுக்க வேண்டுமே, அந்தப் பூசாரி இவர்தான். இரண்டு கடிதத்தையும் வாங்கி, படிக்காமல், காகிதத்தை விரலிடுக்கில் வைத்துத் தேய்த்துப் பார்த்தார்.

"யக்கா, ஒளிவு மறைவில்லாமச் சொல்றேன். கமிட்டில நாலு பேரு. நாலு பேரும் அந்தம்மா வீட்ல காப்பி குடிக்கிறவங்க. வாத்தியாருங்க லெட்டரெல்லாம் கீழ் டிராயர்ல கெடக்கு. எலி கடிச்சிரக் கூடாதேன்னு வருசத்துக்கொருக்கா நாந்தேன் தட்டி வைக்கேன்."

"சார் எழுதுனதுலதாண்ணே என்னப் பத்தி இருக்கு" என்றாள் லீமா. "அவங்க ஸ்பூனப் பத்தில்ல எழுதியிருக்காங்க."

"ஸ்பூனு காணாமப் போகலன்னா அவங்களுக்குப் புரியும்மா. கணக்கு வாத்தியார் எழுதுறதெல்லாம் யாருக்குப் புரியுது?"

லீமா அம்மாவைப் பார்த்தாள். அந்தப் பார்வையைக் கித்தேரியம்மாளால் தாங்க முடியவில்லை. வேண்டாம் என்று சொல்லிவிட்டுக் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு போய்விடலாமா என்றுகூட இருந்தது. போய்? பூண்டு உரிக்கவா, ஓட்டல் ரூம் கூட்டவா?

"அவ எழுதுனதுல பொய் ஒண்ணும் இல்லையேடி" என்றாள். "மானத்தப் பாத்தா மதுரை கெடைக்குமா? பங்களாம்மா லெட்டரையே வைங்க தம்பி. வெரசா வைங்க, மனசு மாறிரப் போகுது."

வாத்தியார் கடிதத்தை நாலாக மடித்து மஞ்சப் பையில் போட்டுக்கொண்டார்கள். வந்த வழியில், சொல்லி வைத்தாற்போல சேனாதிபதியே டீக்கடை வாசலில் நின்றார்.

"லெட்டர் வச்சாச்சாம்மா?"

"வச்சாச்சு சார்" என்றாள் லீமா, தன் செருப்பைப் பார்த்துக்கொண்டு.

ஜூன் மூன்றாம் வாரம் உதவித்தொகை கிடைத்துவிட்டது. சேனாதிபதி தன் கைக்காசில் அரைக்கிலோ லட்டு வாங்கிப் பள்ளிக்கூடத்தில் எல்லா வாத்தியார்களுக்கும் கொடுத்தாராம். "நம்ம கையெழுத்துக்கும் இந்த மலைல ஒரு மருவாதி இருக்குய்யா" என்று சொல்லிச் சொல்லிப் பூரித்தாராம். அதைக் கேட்டுவிட்டு வந்த லீமா அன்றைக்குச் சாப்பிடவில்லை. கித்தேரியம்மாளும் சாப்பிடச் சொல்லி வற்புறுத்தவில்லை.

செக் வாங்கப் போனபோது ஞானமுத்து ஒரு தாளை நீட்டிக் கையெழுத்துக் கேட்டார். லீமா படித்தாள். உதவித்தொகையை வருசந்தோறும் புதுப்பிக்க வேண்டும்; முதலில் சிபாரிசு செய்தவரே மறுபடியும் எழுத வேண்டும்; அந்த வருசத்தில் மாணவியை நேரில் பார்த்துப் பழகி அறிந்ததாக அதில் இருக்க வேண்டும்.

"மூணு வருசமும் அதே கையெழுத்தா?" என்றாள் கித்தேரியம்மாள். "இத அன்னைக்கே சொல்லியிருக்கலாமே தம்பி!"

"நீங்க கேக்கலையேக்கா."

பஸ் ஸ்டாண்டுப் பக்கம் புதிதாகத் திறந்த ஓட்டலில் சலவைக்கு ஆள் கேட்டிருந்தார்கள். இரண்டு பங்குச் சம்பளம், வாரத்தில் ஒரு நாள் லீவு. ஜூலையிலிருந்து வருகிறேன் என்று கித்தேரியம்மாள் வாக்குக் கொடுத்திருந்தாள். நேரே அங்கே போய், வரவில்லை என்று சொல்லிவிட்டு வந்தாள். ஏன் என்று கேட்டதற்கு, "வசதிப்படல" என்றாள். அடுத்த வாரம் பங்களாம்மா, "இனிமே ஞாயித்துக்கிழமையும் வந்துரு கித்தேரி" என்றபோது, பூசைக்குப் போக வேண்டும் என்று நாக்கு நுனி வரை வந்தது. விழுங்கிக்கொண்டாள்.

டிசம்பரில் லீமா லீவுக்கு வந்தாள். வகுப்பில் அறுபது பேரில் முதலாவது. மார்க் தாளை எடுத்துக்கொண்டு அம்மாவும் மகளும் பங்களாவுக்குப் போனார்கள். பங்களாம்மா கிறிஸ்துமஸுக்கு வரப்போகிற விருந்தாளிகளுக்கு ரூம் பிரித்து எழுதிக்கொண்டிருந்தாள். தாளை வாங்கி, திருப்பி, மேசையில் வைத்தாள்.

"மார்க்கெல்லாம் சரி. ஜூன்ல நான் லெட்டர் எழுதணுமில்ல? நேர்ல தெரியும்னு எழுதணுமாமே. ஆறு மாசமா உன்னைக் கண்ணால பாக்கலை. பொய் எழுத எனக்கு வராதும்மா." கொஞ்சம் யோசித்தாள். "லீவு முடியிற வரைக்கும் காலையில அம்மாவோட வந்துரு. நானும் பாத்த மாதிரி ஆச்சு."

கித்தேரியம்மாள் என்னவோ சொல்ல வாயெடுத்தாள்.

"சரிங்கம்மா" என்று லீமா முந்திக்கொண்டாள்.

மறுநாள் பின்கட்டில் இரண்டு பெட்டி புகைந்தது. லீமா கல்லூரிக்குக் கட்டுகிற சேலையின் முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டு மேசைத் துணிகளைத் தேய்த்தாள். முதல் நாளே எல்லாம் பழகிவிட்டது. மூலைக்கு மூலை சேர்த்து, வரி பிசகாமல் மடித்து அடுக்கினாள். கித்தேரியம்மாள் குழாயடியில் விரிப்புகளை அலசிக்கொண்டிருந்தாள். ஒரு தடவைகூட மகள் பக்கம் திரும்பவில்லை.

உள்கட்டிலிருந்து பங்களாம்மா கூப்பிட்டாள். "லீமா!"

"இந்தா வந்துட்டேங்கம்மா."

கித்தேரியம்மாளுக்குத் திக்கென்றது. அதே இழுப்பு, அதே பணிவு. பதினோரு வருசமாகத் தன் வாயிலிருந்து வந்த குரல் பிள்ளையின் வாயிலிருந்து வந்தது. கூப்பிடும் சத்தம் மறுபடியும் கேட்டது. அவள் கையை நீட்டிக் குழாயை முழுசாகத் திறந்துவிட்டாள்.